இன்னும் வராத மிசினை நம்பும் உன் அத்தை

தம்பி,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. ஹாலிஎலையில் தபாலில் சேரும்வரை யார் கையில் போனாலும் போகட்டும், யார் படித்தாலும் படிக்கட்டும். நீ வீடியோவில் பேசியதை நம் லயத்து வரிசை முழுவதும் கூடி உட்கார்ந்து கேட்டது. அதற்கு உன் அம்மா சொல்லும் பதில் மட்டும் ஏன் ரகசியமாக இருக்க வேண்டும்? போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்கிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. பொறுமையாகப் படி.

வருகிற வெள்ளிக்கிழமை நான் இந்த லயத்தை விட்டு இறங்குகிறேன். கீழே ரோட்டோரத்து மட்ட நிலத்தில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாகக் கட்டியிருக்கிறார்களே, அதில் ஒன்று எனக்கு. "நல்ல வீடு கட்டிக் குடுக்கிற வரைக்கும்" என்கிறார்கள். அந்த வரைக்கும் எவ்வளவு நீளம் என்று நான் கேட்கவில்லை. நீ வேன் அனுப்புகிறேன் என்றாய். வேண்டாம். என் சாமான்களைத் தூக்க நாலு கை போதும். உன் அப்பா போன பிறகு இந்த ஒற்றை அறைக் காம்பராவில் கனமான பொருள் ஒன்றும் இல்லை. கனமாக இருப்பது வேறு. பக்கத்துக் காம்பராவில் உன் ராக்காயி அத்தை, இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பார்த்து மேல் வரிசையில் இன்னும் சில குடும்பங்களும் அசையாமல் இருக்கின்றன. ஏன் என்று கேட்டால் எல்லோரும் உன் பேரைச் சொல்கிறார்கள்.

போன மழைக்குப் பிறகு லயத்துக்குப் பின்னால் தேயிலைக்குள் விழுந்த வெடிப்பை நீ படத்தில்தான் பார்த்தாய். முதலில் விரல் நுழையும் அளவு இருந்தது. இப்போது கையை விட்டால் முழங்கை வரை போகிறது. மலையிலிருந்து பீலியில் வரும் தண்ணீர் வெயில் காலத்திலும் கலங்கி வருகிறது. அத்தை வீட்டுப் பின்கதவு சாத்த முடியாமல் இறுகிக்கொண்டது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஆளைக் கூப்பிட்டு அடிக்கட்டையை இழைத்து, சாத்தும்படி செய்துவிட்டாள். மறுபடி இறுகியது, மறுபடி இழைத்தாள். "மரம் மழையில ஊதிப்போச்சு" என்கிறாள். மழை நின்று வெகு நாளாகிவிட்டது என்று சொன்னால், "ஒனக்கு எல்லாத்துக்கும் ஒரு பேச்சு புள்ள" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஊதியது கதவு இல்லை, சுவர்தான் நகர்ந்திருக்கிறது என்று அவளுக்கும் தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன். மண் சரிந்து லயங்களையே மூடிய மீரியபெத்த என்ற பெயரை இங்கே யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. சொல்லாததால் யாரும் மறந்துவிடவும் இல்லை.

மண்ணைப் பார்ப்பதற்கு பதுளையிலிருந்து ஒரு மிஸ் வந்தார். சிங்களப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். வெடிப்போரமாக முழுவதும் நடந்து பார்த்து, கம்பி நட்டு, மழையை அளக்க ஒரு குழாயையும் நட்டுவிட்டு வந்து எங்கள் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்தார். பிளேன்டீ கொடுத்தோம். தெரிந்த தமிழில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். "அம்மா, எப்ப விழும் எனக்குத் தெரியாது. விழாமயும் இருக்கலாம். ஆனா மழை கூட வந்தா, விழறதுக்கு நிறைய சான்ஸ் இருக்கு. இந்தக் குழாயில தண்ணி கோடு தாண்டினா, யாரும் இருக்க வேணாம். இப்பவே போனா ரொம்ப நல்லம்." உன் அத்தை விடுவாளா? "நீங்க இங்க ஒரு ராத்திரி படுப்பீங்களா மிஸ்?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளை மேலே மலையை ஒரு முறை பார்த்தது. அப்புறம், "இல்லம்மா, மழை நாள்ல நான் படுக்க மாட்டேன்" என்றது. அதைச் சொல்லும்போது அதன் முகத்தில் வெட்கம் இருந்தது. தான் படுக்கமாட்டாத இடத்தில் இத்தனை பேர் படுக்கிறார்களே என்ற வெட்கம் என்று எனக்குப் பட்டது.

மிஸ்ஸின் வண்டி வளைவு திரும்புவதற்குள் இங்கே சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. "படிச்ச பொம்பளைக்கே தெரியாதாம்ல! தெரியாதுன்னு சொல்றதுக்கா இம்புட்டுத் தூரம் ஏறி வந்துச்சு?" என்றாள் அத்தை. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆளுக்கு ஆள் பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் அவள் போனை எடுத்தாள். "இங்க பாருங்க, எம் மருமகன் என்ன சொல்லியிருக்கான்னு."

அந்த வீடியோவை நான் முன்பே பார்த்திருந்தேன். இன்னும் முப்பது வருடத்தில் மலையகம் எப்படி இருக்கும் என்று நீ பேசியது. நீலச் சட்டை, பின்னால் விளக்கு. கொழுந்து பறிக்கும் இயந்திரங்கள், மலைக்கு மலை பறக்கும் வண்டிகள், அதெல்லாம் சரி, கேட்க நன்றாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு இடம் வந்தது. மலைக்குள் குவாண்டம் கருவிகளைப் புதைப்பார்களாம். அவை மண்ணின் அதிர்வெண்ணைப் படிக்குமாம். செயற்கை நுண்ணறிவு அதைக் கணக்குப் பார்த்து, மண் சரியும் நாளையும் மணியையும் முன்கூட்டியே போனுக்கு அனுப்பிவிடுமாம். "இனி மண்சரிவில் ஓர் உயிரும் போகாது" என்று கையை உயர்த்தி முடித்தாய். முதல் முறை பார்த்தபோது நானும் கைதட்டினேன். என் பிள்ளை இவ்வளவு அழகாகப் பேசுகிறானே என்று கண் கலங்கியது. அதை மறைத்து உன்னைத் திட்டுவது நியாயமில்லை, அதனால் சொல்கிறேன்.

ஆனால் மிஸ் வந்துபோன அன்று மற்றவர்களோடு உட்கார்ந்து இரண்டாம் முறை பார்த்தபோது நான் கைதட்டவில்லை. நீ "வரும்" என்றது அவர்கள் காதில் "வந்துவிட்டது" என்று விழுந்தது. மிஸ் நட்டுப்போன மழைக்குழாயைக் காட்டி, "இதுதான் தம்பி சொன்ன மிசின்" என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். "மிசின் போன்ல சொல்லிடும். சொன்ன பொறகு எறங்கினாப் போதும். அதுக்குள்ள எதுக்கு அந்தப் பலகைப் பொட்டிக்குள்ள போய் அடையணும்?" என்று அத்தை போனை அணைத்துச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தாள். தெரியும் என்றவன் நம்முடைய பிள்ளை. தெரியாது என்றது ஊர் பேர் அறியாத ஒரு பெண். யாரை நம்புவார்கள், நீயே சொல்.

அன்று பின்னேரம் உனக்குப் போன் எடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, நான் எதிர்காலத்திலன்னுதானே சொன்னேன்?" என்றாய். எந்த எதிர்காலம் தம்பி? உனக்கு எதிர்காலம் என்றால் முப்பது வருடம். அத்தைக்கு எதிர்காலம் என்றால் ஐப்பசி மழை. புரட்டாசி முடியப்போகிறது. குவாண்டம் என்றால் என்ன என்று உன்னிடம் கேட்டேன். சிரித்தாய். "அது ஒங்களுக்குப் புரியாதும்மா" என்றாய். எனக்குப் புரியாததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் பிள்ளைக் காம்பராவில் பிள்ளை பார்த்தவள். கொழுந்துக்குப் போகும் தாய்மார் விட்டுப்போன குழந்தைகளின் மூக்கைத் துடைத்தே என் காலம் போனது. ஆனால் விடாமல், "ஒனக்குப் புரிஞ்ச மாதிரி ஒரு வாட்டி சொல்லு" என்றேன். கடைசியில் நீ சொன்ன பதில் இதுதான்: "அந்தச் சொல்ல போட்டாத்தாம்மா ஆளுங்க நின்னு பாப்பாங்க." அந்த உண்மைக்காக உன்மேல் எனக்கு மரியாதை கூடியது. அந்த உண்மையை என்னிடம் மட்டும் சொன்னாயே என்பதுதான் வருத்தம்.

பெரிய சொல்லுக்கு உன் அத்தை எப்போதும் விழுவாள் என்பது உனக்குத் தெரியாததா? பதுளை பஸ் ஸ்டாண்டில் ஒருவன் காந்த வளையல் விற்றானே, அதைக் கொஞ்சம் நினைத்துப் பார். நீ அப்போது பதுளையில் படித்துக்கொண்டிருந்தாய். இரத்தத்தில் உள்ள அயனிகளைக் காந்த அலை நேராக்கும், பிரஷருக்கு மருந்தே வேண்டாம் என்று மைக் வைத்துப் பேசினான். அத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிட்டாள். அயனி என்றால் என்ன என்று கேட்க எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் பட்டிக்காடு என்பார்களே என்று விழுங்கிவிட்டேன். அவள் மலையில் கொழுந்துக் கூடையோடு மயங்கி விழுந்து, ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கையிலிருந்து அந்த வளையலைக் கழற்றியது நீதான். "இவனுங்கள எல்லாம் உள்ள போடணும்" என்று பல்லைக் கடித்தாய். அந்தக் கோபத்தை நான் மறக்கவில்லை. நீ வளையல்காரன் இல்லை, அது எனக்குத் தெரியும். அவன் காசுக்காகப் பொய் சொன்னான், நீ ஆசையில் அளவு தாண்டினாய். விழுந்தவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

எதிர்காலத்தைப் பற்றிப் பேசாதே என்று நான் சொல்லவே மாட்டேன். அதைப் பேசிப் பேசித்தான் உன்னை வளர்த்தோம். உன் அப்பா தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் வேலை முடிந்து வந்து, உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனில் கோச்சி பார்க்க ஹாலிஎலைக்கு நடப்பார். வழியெல்லாம் நாளைக்கு என்ன வரும் என்ற பேச்சுத்தான். அவர் பேச்சில் ஒரு பழக்கம் உண்டு. எதைச் சொன்னாலும் "வந்தா" என்று ஒன்று இருக்கும். நம் வரிசைக்குக் கரண்ட் வருவதற்கு முன்பு, "கரண்டு வந்தா நீ ராத்திரியில படிக்கலாம். வந்தா மண்ணெண்ணெய்ப் பொகை போயிரும். ஆனா ஒரே கம்பிய எல்லாரும் இழுத்தா லயமே பத்திக்கிரும். வராமயும் போகலாம்டா" என்பார். நீ அதற்கு "வந்தாப் பேச்சு" என்று பெயர் வைத்தாய். சோறு தின்னும்போதுகூட, "அப்பா, வந்தாப் பேச்சுப் பேசுங்க" என்று அடம் பிடிப்பாய்.

அவர் சொன்னதில் பாதி நடக்கவில்லை. பதுளைக்குக் கோச்சி இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும் என்றார், அது இன்றைக்கும் அசைந்து அசைந்துதான் வருகிறது. லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொந்த வீடு கிடைத்துவிடும் என்றார், அதுவும் பார்த்தாயிற்று. நடக்காதபோது, "நான் நெனச்சது பிசகிருச்சு" என்று சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார். சாதாரண சொல்லில் சொன்னதால் அது பிசகியது என்று நமக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. நீ சொன்னது பிசகினால் யாருக்குத் தெரியும்? அதிர்வெண் என்றால் என்னவென்று தெரியாதவர்கள், அது தப்பு என்று எப்படிச் சொல்வார்கள்? நடந்தால் தம்பி அன்றைக்கே சொன்னான் என்பார்கள். நடக்காவிட்டால் நமக்குத்தான் விளங்கவில்லை என்று தங்களையே நொந்துகொள்வார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சின்ன வயதில் உனக்குச் சொன்னேன். நீ மற்றவர்களுடைய காலை விட்டிருக்கிறாய்.

நீ சொன்ன மிசின் வராது என்று சொல்ல நான் யார்? வரட்டும், வந்தால் முதலில் பூப்போட்டுக் கும்பிடுகிறவள் நானாகத்தான் இருப்பேன். மழையை அளக்கும் அந்தக் குழாய்கூட ஒரு அறிவுதானே. அது தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறது, எவ்வளவு பெய்தது என்று. எனக்குள்ள பயம் வேறு. அத்தை இன்னும் வராத மிசினை நம்பி, வந்துவிட்ட வெடிப்பின் கீழே படுக்கிறாள். உன் பேச்சில் நாளைக்கும் இன்றைக்கும் நடுவே இருந்த "வந்தா"வை நீ எடுத்துவிட்டாய். எடுத்த இடம் வெறுமையாகத் தெரியக்கூடாது என்று ஒரு பெரிய சொல்லைக் கொண்டுவந்து வைத்தாய். உன் அப்பாவின் பிள்ளை அப்படிச் செய்யலாமா என்று நினைக்கும்போது எனக்கு அழுகை வருகிறது. கோபமும் வருகிறது. இரண்டையும் எழுதிவிட்டேன்.

அத்தையை முட்டாள் என்று நினைத்துவிடாதே. அவளுக்குப் போக மனமில்லை. அவள் புருஷனைப் புதைத்த இடம் இங்கிருந்து பார்த்தால் தெரியும். மாட்டுக்குக் கொட்டில் கீழே கிடையாது. பலகை வீட்டில் பக்கத்து ஆள் இருமினால் நம் வீட்டில் கேட்கும். தற்காலிகம் என்று சொல்லிக் கொடுத்ததெல்லாம் நமக்கு எத்தனை காலத்துக்கு நிலைத்தது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். லயத்தையே நம் ஆட்களுக்கு அப்படித்தானே கொடுத்தார்கள்! போக மனமில்லாதவளுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. நீ கொடுத்தாய். நேற்றுகூட ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். "மதினி, நம்ம ரெண்டு பேரும் ஒண்ணா எறங்குவோம், மாட்ட நான் வந்து பாத்துக்கிறேன்" என்றேன். "எம் மருமகனவிட ஒனக்குத் தெரியுமா?" என்றாள். உன்னை வயிற்றில் சுமந்தவளிடம் அதைக் கேட்கிறாள். பிள்ளைக் காம்பரா வேலை கிடைக்கும் முன் நான் கொழுந்துக்கு அலைந்த காலத்தில் உன்னை இடுப்பில் சுமந்தவள் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

அவள் வராவிட்டால் நானும் இங்கேயே இருப்பேன் என்று உன்னை மிரட்டலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். வேண்டாம். அதுவும் பெரிய சொல்லைப் போட்டு ஆளை மடக்குகிற வேலைதான். நான் வெள்ளிக்கிழமை இறங்கிவிடுவேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் இறங்குகிறேன். கீழே போனபின் மழை பெய்யும் ஒவ்வொரு நாளும் மேலே பார்த்துக்கொண்டிருப்பேன், அதற்கும் பயமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு வீடியோ போட்டு மறுத்துவிடுகிறேன் என்று சொல்லாதே. அதையும் செய், ஆனால் முதலில் ஆளாக வா. வியாழக்கிழமைக்குள் வா. கோயில் முன்னால் எல்லோரையும் கூட்டிவைக்கிறேன். பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். அந்த மிசின் இன்னும் நம் மலைக்கு வரவில்லை என்று சொல். வந்தாலும் அது எவ்வளவு சரியாகச் சொல்லும் என்று எனக்குத் தெரியாது என்று சொல். எனக்குத் தெரியாது என்ற சொல்லை உன் வாயால் அவர்கள் கேட்க வேண்டும். அந்த மிஸ் சொன்னபோது சிரித்தார்கள். நீ சொன்னால் சிரிக்க மாட்டார்கள், பயப்படுவார்கள். பயப்படட்டும். உன்னைக் கேலி செய்ய இரண்டு பேர் இருப்பார்கள். "இதுக்குத்தானா கொழும்புல படிச்ச?" என்பார்கள். தாங்கிக்கொள். அந்தப் பிள்ளை தாங்கிக்கொண்டு மலை இறங்கிப் போனதே.

நீ வருவாய் என்று அத்தையிடம் இன்று காலைதான் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. பெட்டிக்கு அடியிலிருந்து உன் பழைய பாயை எடுத்து, கழுவி, இஸ்தோப்புக் கட்டையில் வெயிலுக்குப் போட்டிருக்கிறாள். "எம் மருமகன் வந்தா எப்பவும் போல எங்கிட்டத்தான் படுப்பான், ஒங்கிட்ட இல்ல" என்று என்னைச் சீண்டினாள். பின்கதவோரம், நீ சின்ன வயதில் படுத்த அதே இடத்தைக் கூட்டி வைத்திருக்கிறாள். மிஸ்ஸிடம் கேட்ட கேள்வியை உன்னிடம் அவள் கேட்க மாட்டாள். நீ படுப்பாய் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

இதை நான் எழுதும்போது வானம் நமுனுகலை மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. நீ வரும் நாளில் மழை பெய்யுமோ பெய்யாதோ, எனக்குத் தெரியாது. பெய்தால், அவள் அந்தப் பாயை விரிப்பாள். அங்கே படுக்க உனக்குப் பயமாக இருந்தால், அந்தப் பயத்தை அவள் முகத்துக்கு நேரே சொல். பிறகு அந்தப் பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கீழே நட. நீ எங்கே படுக்கிறாயோ அங்கேதான் அவளும் படுப்பாள்.

உன் அம்மா